வித்த கணக்கு

முதலாவது கிவ்சன். சிவப்பு.
முருகன்குறிச்சியில் சீட்டு எடுத்த பணம்.
கழுத்து லேசாக வளைந்திருந்தது.
எனக்குப் பத்தொன்பது வயசு,
வளைவு கண்ணில் படவில்லை.

அதை விற்றுத்தான் கறுப்பு யமஹா.
ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு கரகரப்பு.
மேலப்பாளையம் மீரான்
மூன்று தடவை அரம் போட்டு ராவிப் பார்த்தார்.
"விட்டுரும்வே. அது பேசுத பேச்சு அப்படி."
எனக்குப் பொறுக்கவில்லை, விற்றேன்.
மேலே கடன் சேர்த்து
ஐந்து தந்தி வைத்தது ஒன்று வந்தது.
அது தொங்கிய இடது தோள்
இன்றைக்கும் ஒரு விரற்கடை தாழ்வு.
அளவெடுக்கிற தையல்காரர் கேட்கிறார்,
"மூட்டை தூக்குத வேலையா?"

பிறகு வரிசை எனக்கே குழம்பும்.
ஜாய்ஸ்லினுக்குக் குழம்பாது.
"வித்ததும் கிடாரு, வாங்குனதும் கிடாரு,
நடுவுல போனது எங் கம்மலு."
சொல்லும்போது அடுப்பிலிருந்து திரும்பக்கூட மாட்டாள்.
இரண்டு தடவை மீட்டுக் கொடுத்தேன்.
மூன்றாவதை
அவள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கொடை மேடையில்
பாடுகிறவளுக்கு ரூபாய் மாலை,
டிரம்ஸ்காரனுக்கு விசில்.
எனக்கு ஜெனரேட்டர் பக்கம்
கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி.
ஒருமுறை களக்காட்டில் ஒயர் அறுந்து
இரண்டு பாட்டுக்கு சும்மா விரலை ஆட்டினேன்.
இறங்கியதும் பந்தல்காரர் சொன்னார்,
"என்னன்னு தெரியல,
பாட்டுக்கு அடியில தரை இல்லாத மாதிரி இருந்துது."
முப்பது வருஷத்தில்
எனக்குக் கிடைத்த விமர்சனம் அது ஒன்றுதான்.

விற்கிற அன்று வருத்தம் வராது.
வாங்கியவன் முதுகில் உறையோடு தொங்கி
கொக்கிரகுளம் பாலத்தில் அது போகும்.
நான் நோட்டை இரண்டாவது தடவை எண்ணுவேன்.
பதினைந்து நாள், இருபது நாள் ஆகும்.
ஏதோ ஒரு கல்யாண வீட்டில்,
ஏதோ பாட்டின் சரணத்தில்,
கை போய் நிற்கும் இடத்தில்
அது இருக்காது.

போன ஆடியில் திசையன்விளைக்குப் பக்கத்து ஊர்.
வடக்குத் தெரு மேடை எங்களுக்கு,
தெற்குத் தெருவில் வள்ளியூர் செட்டு.
இடைவேளையில் டீயை வாயில் வைக்கிறேன்,
காற்றோடு வந்தது
ஏழாவது ஃப்ரெட்.

இருபத்தொரு வருஷம்.
டீ கிளாஸை எங்கே வைத்தேனோ,
தேரி மணலில் செருப்பில்லாமல் நடந்தேன்.

பையன் பெயர் பேச்சிராஜ்.
தலைப்பக்கம் நான் சிகரெட்டால் சுட்ட வடு
அப்படியே இருந்தது.
"விக்கதுக்கு இல்லண்ணே" என்றவன்
என் தோளில் கிடந்த ஐபனெஸ்ஸைப் பார்த்தான்.
மர நிறம், தவணை இன்னும் இரண்டு பாக்கி.
"அதத் தந்து, மேல நாலாயிரம் தாங்க."
ஆறு பேசி நாலுக்கு வந்தவன் மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டேன்.
பணத்தை மடித்தபடி சிரித்தான்:
"ஒண்ணு சொல்லணும்ணே,
இதுல ஒரு சத்தம். என்ன செஞ்சாலும் போவல."
"போவாது" என்றேன்.

வீடு வரும்போது மணி நாலு.
ஆம்ப் இல்லாமல், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
தட்டிப் பார்த்தேன். கர்ர்.
இருட்டிலிருந்து ஜாய்ஸ்லின்,
"எது?"
"பழசு."
"எவ்வளவு?"
அடுத்த தந்தியைத் திருகினேன்.

இன்றோடு பதினெட்டு நாள்.
நேற்று அம்பாசமுத்திரத்தில், இரண்டாவது பாட்டில்,
உள்ளங்கை தேடியது
ஐபனெஸ்ஸின் மெலிந்த கழுத்தை.

பேச்சிராஜ் நம்பர் போனில் இருக்கிறது.
ஜாய்ஸ்லின் பார்ப்பாள் என்று
'தண்ணி மோட்டார், வள்ளியூர்'
என்று பதிந்திருக்கிறேன்.